பொட்டு வைத்த மிக்ஸி

கழக்கூட்டத்தில் நான் வாடகைக்கு எடுத்திருந்த பிளாட்டை அம்மா ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை. கரமனையில் எங்கள் அக்ரஹாரத்தில் வீட்டை 'ஆம்' என்போம், வீட்டுக்கு என்பதை 'ஆத்துக்கு' என்போம். கல்யாணமாகாத பெண்ணுக்கு ஏது தனி ஆம்? அதனால் அது 'அவளோட ரூம்'. மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருவாள், நாற்காலி நுனியில் உட்காருவாள், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. சொந்தச் சம்பளத்தில் இரண்டு படுக்கையறை, ஒரு கேஸ் அடுப்பு. இன்னும் என்ன வேண்டுமாம்?

சுவர் மொட்டையாக இருப்பதுதான் காரணம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கனகக்குன்றில் நடந்த ஒரு கண்காட்சியில் நாலு அச்சுப் படங்கள் மலிவாகக் கிடைத்தன. டெலிபோன், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டைப்ரைட்டர். மிக்ஸி ரோஜா நிறம், பின்னால் கிளிப்பச்சை. "பாப் ஆர்ட்டாணு சேச்சி," என்றார் கடைக்காரர் மலையாளத்தில். அன்றாடச் சாமான்களைப் பளிச்சென்ற நிறத்தில் வரைகிற பாணியாம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, வாங்கிவிட்டேன். பிரேம் போட்டால் படத்தைவிட அதிகமாகும், ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். டேப் போட்டு ஒட்டினேன்.

அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "சுவத்துல சாமி படம் இருக்கணும், இல்லேன்னா போனவா படம் இருக்கணும். மிக்ஸி என்னத்துக்குடீ?"

எனக்கு முகம் விழுந்துவிட்டது.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, கரமனையில் பூஜையை முடித்துவிட்டு, மத்தியானம் சுண்டலோடு வந்து நின்றாள். பையில் சந்தனமும் குங்குமச் சிமிழும். "உன் கம்ப்யூட்டருக்கு யாராக்கும் பொட்டு வெப்பா?" என்றாள். நான் காபி கலந்துகொண்டு வருவதற்குள் கம்ப்யூட்டர், அடுப்பு, ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. சுவரில் இருந்த நாலுக்கும்கூட. ஈரச் சந்தனம் காகிதத்தில் ஊறிப் பரவிக்கொண்டிருந்தது. அந்தக் கறை இன்றுவரை போகவில்லை.

"அம்மா, அது வெறும் படம்மா!" என்று கத்தினேன்.

"எனக்குக் கண்ணு நன்னாத் தெரியறது. அரைக்காட்டா என்ன, மிக்ஸி மிக்ஸிதானே? எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதை மட்டும் விடலாமோ?"

காபியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். குடித்து முடித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னாள்.

"இங்கேயும் பூஜை வெச்சாச்சு கேட்டேளா," என்றாள் அப்பாவிடம். "நாளைக்குப் புனர்பூஜை பண்ணித்தான் எல்லாத்தையும் எடுக்கணும், நான் இருந்து பண்ணிட்டு வரேன். அங்கே நீங்களே பண்ணிடுங்கோ."

அப்பா என்னவோ கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ரெண்டு ஆத்துக்கும் நான் ஒருத்தியே ஓட முடியுமா?"