வழுக்குகிறது என்று சொன்னேன்

வண்டிப்பெரியாருக்கு அருகே உள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து மகளைப் பாலக்காட்டுக்கு அழைத்து வரச் சென்றிருந்தேன். அவளுக்கு எட்டாம் மாதம். இந்த வாரத்துக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அதன் பிறகு மலைப்பாதையில் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மருமகனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை.

என் கார் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை. தோட்டக் குடியிருப்பிலிருந்து பெருஞ்சாலைக்கு ஏறும் வளைவில் மிதியை அழுத்தினேன், எஞ்சின் உறுமியது, வண்டியோ அந்த உறுமலுக்கும் தனக்கும் தொடர்பில்லாததுபோல் ஊர்ந்தது. பிறகு, பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டாற்போல் ஒரு குலுக்கலுடன் பாய்ந்தது. மகள் ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் கதவின் பிடியையும் பற்றிக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லைப்பா" என்றாள். நான் எதையும் கேட்டிருக்கவில்லை.

அடுத்த வளைவிலும் அதுவே. வண்டிப்பெரியாரில் முதலில் தென்பட்ட பட்டறையில் நிறுத்தினேன். வரும் வழியெல்லாம், மெக்கானிக்கிடம் இதை எந்தச் சொல்லால் உணர்த்துவது என்றே மனம் அலைந்துகொண்டிருந்தது. நழுவுகிறது என்றால் ஏட்டுச் சொல். எளியது போதும் என்று முடிவு செய்தேன்.

"ஏறச்சே வழுக்கறது."

அவர் உடனே குந்தி உட்கார்ந்து, சக்கரங்களின் வரிப்பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தார். "டயரு புதுசால்லா இருக்கு! ரோட்டுல பாசி கெடந்திருக்கும் சார். மழக்காலத்துல எல்லா வண்டியும் வழுக்கும். பைய ஓட்டுங்க."

"டயர் இல்லை. வலிக்கலை."

இழுப்பதை மலையாளத்தார் வலிப்பது என்பார்கள். பாலக்காட்டில் எங்கள் வீட்டுப் பேச்சிலும் அது எப்போதோ புகுந்துவிட்டது. அவரோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோட்டக் குடும்பத்துக்காரர். காருக்குள் இருந்த மகளை ஒருமுறை பார்த்தார்.

"அக்காவுக்கா? வலிக்கலைன்னா சந்தோசம்தான சார்! வலிச்சாத்தான பயப்படணும்?"

மகள் வயிறு குலுங்கச் சிரித்ததில் எனக்குத்தான் கலக்கம். "அப்பா, இந்தப் பக்கம் அப்படிச் சொல்லாதேங்கோ. நேரா என்னைப் பிரசவத்துக்கு அனுப்பிடுவா." பிறகு அவரிடம், "அண்ணே, வண்டி ரேஸ் ஆகுது, இழுக்க மாட்டேங்குது" என்றாள்.

"அப்படிச் சொல்லுங்க! சார் என்னமோ வைத்தியர்ட்ட வந்த மாதிரி பேசுதாரு."

அவளை இறங்கச் சொல்லிவிட்டு அவர் ஏறி அமர்ந்தார். பிரேக்கை முழுதும் அழுத்தியபடி கியரைப் போட்டு ஒரு கணம் மட்டும் வேகமிதியை மிதித்தார். எஞ்சினின் சுழற்சியைக் காட்டும் முள் வரம்பில்லாமல் மேலே எகிறியது. நல்ல கியர்ப்பெட்டி அதை அவ்வளவு ஏறவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டுமாம். எஞ்சின் ஓடும்போதே கியர்ப்பெட்டியின் எண்ணெய் அளவுகோலை உருவித் துணியில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கருத்திருந்தது. அளவும் குறைவு. மோந்து பார்க்கச் சொல்லி நீட்டினார், கருகல் வாடை.

எண்ணெய் ஊற்றினார். பட்டறையை ஒட்டிய ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம், முன்போல் இழுத்தது. எனக்கு உயிர் வந்தது. புறப்படலாம் என்றேன்.

"இருங்க சார். சூடாகட்டும்."

சூடானதும் மறுபடி அதே உறுமல், அதே ஊர்தல். கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன, பெட்டியைக் கழற்றத்தான் வேண்டும் என்றார்.

நான் விடவில்லை. குமுளி வரை மெல்ல உருட்டிக்கொண்டு போய்விட்டால் அப்புறம் தமிழ்நாட்டுப் பக்கம் முழுக்க இறக்கம்தானே, இழுக்காவிட்டால் என்ன என்று வாதிட்டேன். வாதம் எனக்கே செம்மையாகத் தோன்றியது.

"ஏத்தத்துல கைவிட்டா வண்டி நின்னுரும், அம்புட்டுதான். எறக்கத்துல கியரு புடிக்கணும் சார். புடிக்கலைன்னா பிரேக்க மட்டும் நம்பி அத்தன வளைவும் எறங்கணும். பிரேக்கும் சூடாகும். புள்ளத்தாச்சிய வச்சிக்கிட்டு எறங்குவீங்களா?"

மகள் காரின் பின்பெட்டியைத் திறந்து தன் பையைத் தூக்கப் போனாள். ஓடிச்சென்று வாங்கிக்கொண்டேன்.

"வாடகை வண்டி சொல்லுங்கோ அண்ணே. அப்பாவோட வண்டி இங்கேயே பிரசவம் ஆகட்டும்."

வாடகைக் காரில் ஓட்டுநருக்கு அருகே நான். பின்னால் மகள், இரண்டு தலையணைகளோடு. குமுளியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவிலும் அந்த எஞ்சினின் ஒலியைக் கூர்ந்து கேட்டேன். கியர் பிடிக்கிறதா, விடுகிறதா? முன்பின் அறியாத ஓட்டுநரிடம் எப்படிக் கேட்பது? கேட்டாலும், எந்தச் சொல்லால்?

"அப்பா, காலைத் தளர்த்துங்கோ" என்றாள் மகள். "அந்தப் பக்கம் பிரேக் கிடையாது."

குனிந்து பார்த்தேன். வலக்கால் தரைவிரிப்பை மடித்துச் சுருட்டியிருந்தது. தளர்த்தினேன். அடுத்த வளைவில் அது தானாகவே மீண்டும் அழுந்தியது.