இரண்டாம் ஃபேஸில் ஒரு பகை

"என்கிட்ட வாலாட்டின ஒருத்தனையும் நான் சும்மா விட்டதில்ல. இனியும் விடமாட்டேன்."

வலியசாலைத் தெருவில் கோமதியம்மாள் இப்படி அறிவித்தபோது நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மறுத்துப் பேச ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. சான்றுகளும் வலுவாக இருந்தன. பாலில் தண்ணீர் கலந்த பால்காரர் இன்றுவரை அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறார். மகள் சுஜாவைப் பெண் பார்க்க வந்து, பஜ்ஜியில் உப்பு அதிகம் என்று சொன்ன குடும்பத்துக்கு, மீதிப் பஜ்ஜி முழுவதும் தபாலில் போய்ச் சேர்ந்தது.

அம்மையாரின் தொழில் மாவரைப்பது. செங்கோட்டையிலிருந்து இந்த மலையாள நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், கணவர் போனபின் ஒரு கிரைண்டரை மட்டும் நம்பி இதைத் தொடங்கினார். தொண்ணூறுகளின் நடுவில் பழவங்காடியில் மூன்று ஹோட்டல்களின் தோசைகள் அவர் வீட்டு மாவில்தான் விரிந்தன. சாயங்காலம் அரைத்து வைத்தால் காலையில் மாவு பொங்கி நிற்கும். அந்தச் சாயங்காலம்தான் களவு போனது.

களவாடியவர் பக்கத்து வீட்டு வன்னியராஜ். சாலைக் கம்போளக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். தொண்ணூற்றேழு கோடையில் அவர் தன் வீட்டில் ஏசி மாட்டினார். தெருவுக்கே முதல் ஏசி. அது முனக ஆரம்பித்ததும் கோமதியம்மாள் வீட்டு டியூப்லைட் கண்ணடித்துவிட்டு அணையும். கிரைண்டர் கல் யாரிடமோ அனுமதி கேட்டுக் கேட்டுச் சுற்றும். கம்பத்தில் ஓடிய மூன்று கம்பிகளில் ஒன்றில்தான் இரண்டு வீடும் தொங்கின. ஏசி இழுத்தது போக மிச்சம்தான் மாவுக்கு.

கோமதியம்மாள் நேரில் போனார். தன் இயல்புக்கு மாறாக, முதலில் பணிவாகவே கேட்டார்.

"தம்பி, விளக்கு வச்ச பொறவு கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிய நிப்பாட்டப்படாதா? மாவு அரைபடல."

"என் கரண்டு, என் ஏசி. நான் எதுக்கு அக்கா நிப்பாட்டணும்? உங்க வீட்டுல ஆட்டுக்கல்லு கிடக்குல்லா? கையால ஆட்டுங்க. உடம்புக்கும் நல்லது."

அந்த 'உடம்புக்கும் நல்லது'தான் குற்றம். அது மட்டும் இல்லாதிருந்தால் அவர் மன்னித்திருப்பார் என்று கருதுவோர் உண்டு. அவர்கள் கோமதியம்மாளை அறியாதவர்கள்.

மறுநாளே எலக்ட்ரீஷியன் பிஜு வரவழைக்கப்பட்டார்.

"ரொம்ப எளுப்பம் சேச்சி," என்றார் பிஜு. "கரண்ட் ஆபீஸ்ல ஒரு அப்ளிகேஷன் கொடுங்க. கம்பத்துல உங்க வயரை வேற ஃபேஸுக்கு, அடுத்த கம்பிக்கு, மாத்திக் கட்டுவாங்க. காரியம் கழிஞ்சு, அவ்வளவுதான்."

"நான் எதுக்குடே மாறணும்? பயந்து ஓடுனேன்னு சொல்லவா?"

"அப்போ ஒரு ஸ்டெபிலைசர் மதி அம்மா, அது போதும். குறைஞ்ச கரண்டை அது ஏத்திக் கொடுக்கும்," என்றாள் சுஜா.

"மதியா? அவன் குளுரு காயணும், நான் பெட்டி வச்சு அவன் மிச்சத்த நக்கணுமா? போடி அங்கிட்டு."

பிஜு தயங்கித் தயங்கி மூன்றாவது வழியைச் சொன்னார். "பின்ன உள்ளது த்ரீ ஃபேஸ். மூணு கம்பியும் உங்க வீட்டுக்கே வரும். சுவர்ல ஒரு திருகு வச்சுத் தாறேன். எந்தக் கம்பியில கிரைண்டர் ஓடணுமோ அதுக்குத் திருப்பிக்கிடலாம். ஆனா பழைய போர்டு, மீட்டர், எர்த்து எல்லாம் மாத்தணும். சுவரு உடையும். ஒரு கிரைண்டருக்கு இவ்வளவு வேண்டாம் சேச்சி."

கோமதியம்மாளும் வேண்டாமென்றுதான் நினைத்தார். உடைபடவிருந்தது அவர் கணவர் கடைசியாக வெள்ளையடித்த சுவர். சில நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிஜுவைக் கூப்பிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அவன் எந்தக் கம்பியில இருக்கான்?"

"ரெண்டில."

"நானும் ரெண்டில வச்சு நல்லா இழுத்தா?"

"நீங்க இழுக்க இழுக்க அவருக்குக் குறையும்."

"அப்ப சுவர உடை."

புது போர்டு வந்தது. அதே திருகில் ஒரு வாட்டர் ஹீட்டரும் இணைக்கப்பட்டது. சித்திரை வெயிலில், வாழ்நாளில் வெந்நீரில் குளித்தறியாத ஓர் அம்மையாருக்கு ஹீட்டர் எதற்கு என்று பிஜு கேட்கவில்லை. முதல் சாயங்காலம் திருகு இரண்டில் நின்றது. ஹீட்டர் கொதித்தது. கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் உளவு பார்க்கப் போன சுஜா ஓடி வந்தாள்.

"அம்மா, அங்க டிவியில படம் உள்ளங்கை அளவுதான் இருக்கு. ஏசி ஓடவே இல்ல!"

கோமதியம்மாள் அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். அவருடைய கிரைண்டரும் அதே இரண்டில்தான் இருந்தது. முன்பாவது கல் யோசித்து நகர்ந்தது, இப்போது அதையும் விட்டுவிட்டது. பிஜு எட்டிப்பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஒண்ணும் மூணும் சும்மா கிடக்கு சேச்சி, நல்ல கரண்ட். நீங்க ஏன் ரெண்டில கிடக்கீங்க?"

"அங்கதான அவன் இருக்கான்!"

தோசை நறநறக்கிறது என்று முதல் ஹோட்டல் ஆளனுப்பியது. இரண்டாவது ஹோட்டல் ஆளும் அனுப்பவில்லை, பாத்திரத்தைத் திருப்பி அனுப்பியது. மூன்றாவது ஹோட்டல்காரர் மட்டும் நேரில் வந்து, நாளைக் காலை மாவு வெண்ணெயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறிடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சுஜா கொண்டுவந்த உளவுச் செய்தி இன்னும் மோசம். "அங்கிள் பெரிய ஸ்டெபிலைசர் வச்சாச்சு. படம் ஃபுல்லா தெரியுது. ஏசியும் ஜோரா ஓடுது. என்னை உட்கார்ந்து பாத்துட்டுப் போன்னு சொன்னாரு."

கோமதியம்மாள் ஊறிய உளுந்தைக் கிரைண்டரில் போட்டார். கல் ஒரு சுற்று சுற்றி நின்றது. சுவருக்கு அப்பால் ஏசி இரைந்தது. கல்லையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, கடைக்குப் போய் பெருங்காயம் வாங்கிட்டு வா."

"டப்பா நிறைய இருக்கே அம்மா?"

"போன்னா போ."

மகள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து ஹீட்டரை அணைத்தார். பிறகு, தூசி துடைப்பவரைப் போலச் சேலைத் தலைப்பைத் திருகின் மேல் போட்டு, மூன்றுக்குத் திருப்பினார்.

கல் சுழன்றது. மாவு நுரைத்து ஏறியது. பக்கத்து வீட்டு ஜன்னல் வெளிச்சமும் பளிச்சென்று கூடி முற்றத்தில் விழுந்தது. கோமதியம்மாள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவை வழித்துவிட்டார். ஞாபகம் வந்தவராக எழுந்து, காலண்டரைக் கழற்றித் திருகை மறைத்து மாட்டினார்.

சுஜா திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். "என்னம்மா, கிரைண்டர் இவ்வளவு நல்லா ஓடுது?"

"உளுந்து புதுசுடி," என்றார் கோமதியம்மாள்.