செத்த குழாயில் தண்ணீர்

நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிற வேலையில் மண்ணுக்கு மேலே இருக்கிற ஒவ்வொரு செங்கலுக்கும் சொந்தம் கொண்டாட ஆள் வரும். மண்ணுக்குள் கைவிடப்பட்ட குழாய்க்கும் கேபிளுக்கும் ஒருத்தரும் வர மாட்டார்கள். அந்த ஆளைத் தேடிப் படிவத்தோடு அலைவதுதான் என் வேலை. ஆபீஸ் ஆபீஸாகச் செருப்புத் தேய்ந்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

ஒரு கேள்வி, நாலு ஆபீஸ்

சங்கரன்கோவிலில் விசைத்தறித் தெருக்கள் சாலையைத் தொடும் இடம் எனக்கு ஒதுக்கப்பட்டது. "உங்கள் துறை கைவிட்ட குழாய், கேபிள் ஏதேனும் இங்கே உள்ளதா?" என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு ஆபீஸும் அடுத்ததைக் கைகாட்டியது. நாலாவது ஆபீஸ் முதல் ஆபீஸுக்கே திருப்பி அனுப்பியது. அங்கே கிளார்க் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன், பதில் வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று. அவர் பேனாவை மூடினார்.

"எங்களுதுன்னு எழுதினா நீங்களே தோண்டி எடுங்கன்னு சொல்லுவிய. இல்லன்னு எழுதினா நாளைக்கு ஏதாச்சும் ஆனா எங்களத்தான் கேப்பிய. நான் எத எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

வால்வு பார்ப்பவர்

கடைசியில் அந்தக் கிளார்க் ஒரு வரி எழுதித் தந்தார்: பழைய இரும்புக் குழாய், கைவிடப்பட்டது. சரிபார்க்கத் தெருவுக்குப் போனால், வீட்டை இடிக்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். தறி ஓட்டும் பேச்சியம்மாள் அக்கா மட்டும் வெளியே வந்தார். புதுக் குழாய்த் தண்ணீர் மேட்டிலிருக்கும் அந்த வீடுகளுக்கு ஏறுவதே இல்லையாம். நாலு நாளைக்கு ஒருமுறை பழைய குழாயில்தான் தண்ணீராம்.

அந்த ஒரு வரியை நம்பித் தோண்டியிருந்தால் தெருவே காய்ந்திருக்கும். நகராட்சியில் வால்வு பார்க்கும் மாடசாமி அண்ணாச்சியைத் தேடிப் பிடித்தேன். புதுக் குழாய் வந்ததும் நிரந்தரமாக அடைக்கச் சொன்ன வால்வை அவர் அப்படி அடைக்கவே இல்லை. யாருக்கும் சொல்லாமல் பல வருஷமாக முறை நாளில் திறந்துவிட்டு வருகிறார்.

"தண்ணி வருதுன்னு எழுதுங்க. எம்பேர எழுதிராதீங்கம்மா, எம் வேலைக்கு ஒல வச்சிருவானுவ."

திங்கட்கிழமை

எங்கள் சாலை கம்பெனி மேனேஜருக்கு அந்த வரியை மாற்ற மனமில்லை. திங்கட்கிழமை பொக்லைன் வருகிறது, 'கைவிடப்பட்டது' என்றே கையெழுத்துப் போடு, இல்லையென்றால் வேலையை விட்டுப் போ என்றார். போட மாட்டேன் என்றேன். தண்ணீர் முறையும் அதே திங்கட்கிழமைதான், முடிந்தால் வந்து பாருங்கள் என்றேன்.

வந்தார். பொக்லைனுக்கு முன்னால் பேச்சியம்மாள் அக்கா குடத்தோடு உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. செத்த குழாய்க்கு எதற்கு இத்தனை குடம் என்று மேனேஜர் கேட்டார். மாடசாமி அண்ணாச்சி போய் வால்வைத் திறந்தார். முதல் குடம் நிரம்பியது. யார் திறக்கச் சொன்னது என்று மேனேஜர் குரலை உயர்த்த, அண்ணாச்சி என் பக்கம் திரும்பிப் படிவத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இப்ப எம்பேர எழுதுங்கம்மா. இனிஷியலோட எழுதுங்க."

குழாய் 'பயன்பாட்டில் உள்ளது' பட்டியலில் ஏறிவிட்டது, அண்ணாச்சி இன்னும் வால்வு பார்க்கிறார், அடுத்த மாதத்திலிருந்து வேலைக்கு வேண்டாம் என்று கடிதம் கொடுத்துக் கைவிடப்பட்டவள் நான் ஒருத்திதான், அந்தக் கடிதத்திலும் இதுவரை கையெழுத்துப் போடவில்லை.