சத்தமில்லாமல் படம் பார்த்த மச்சாள்

மச்சாள் எங்களோடு இருந்து பார்த்த முதல் படத்தில் கதாநாயகன் தாயின் உடல் மேல் விழுந்து கதறிக்கொண்டிருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்த மச்சாள், “இவன் அழேல்லை. கண்ணுக்குள்ளை ஏதோ விட்டிருக்கினம்” என்று பெரிய குரலில் சொன்னார். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல அழுகை ஒன்றைக் கெடுத்துவிட்டாரே என்று நினைத்தேன். ஆனால் திரும்பவும் திரையைப் பார்த்தபோது அவர் சொன்னது சரியென்று பட்டது. கண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. புருவத்துக்கும் வாய்க்கும் அந்தத் துக்கம் போய்ச் சேரவேயில்லை.

அவர் என் கணவரின் மூத்த சகோதரி. யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலில் ஷெல் விழுந்து வெடித்த ஒரு நாளில் அவருடைய இரண்டு காதுகளும் கேட்காமல் போய்விட்டன. அப்போது அவருக்கு முப்பது வயது. பேச்சு மிஞ்சியது, ஆனால் தன்னுடைய குரல் தனக்கே கேட்காததால் எவ்வளவு சத்தமாகக் கதைக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. நாற்பது வயதில் ஒஸ்லோவுக்கு வந்து, ரொம்சோஸ் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீட்டில் ஓர் அறையில் குடியேறினார். நாங்கள் கதைப்பதை வாயசைவைப் பார்த்தே விளங்கிக்கொள்வார். இங்கே காதுக்குக் கருவி கொடுத்தார்கள். இரண்டு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு, “வெறும் இரைச்சல்தான் கேக்குது. இதுக்கு ஒண்டும் கேக்காமலே இருக்கலாம்” என்று மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது தமிழ்க் கடையில் ஒரு டிவிடி எடுத்து வருவேன். ஆரம்பத்தில் ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முக்கியமான வசனங்களை எழுதி எழுதி மச்சாளிடம் நீட்டினேன். பெரிய உதவி செய்வதாக எனக்கு நினைப்பு. நாலாவது தாளோடு அவர் என் பேனையை மெல்லப் பிடுங்கினார். “நீ எழுதுறதை வாசிச்சால் நான் எப்ப பிள்ளை படம் பாக்கிறது?” என்றார்.

அவருக்குத் தமிழ்ப் படமும் ஒன்றுதான், தொலைக்காட்சியில் போகும் நோர்வேஜியப் படமும் ஒன்றுதான். திரையில் ஓடும் வாயசைவு அவருக்குப் பிடிபடாது, அதனால் இரண்டிலும் பாஷை இல்லை. ஒருமுறை நோர்வேஜியப் படமொன்றில் வயதான கணவனும் மனைவியும் உருளைக்கிழங்கு சாப்பிட்டபடி கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கதைத்தது காலநிலையைப் பற்றி. மச்சாள் சொன்னார்: “இதுகள் சண்டை பிடிச்சுக் கனகாலம். இப்ப அதுக்கும் மனமில்லை.” அரைமணி நேரம் கழித்து அந்த மனைவி பெட்டியோடு வீட்டைவிட்டுப் போனாள். பாஷை தெரிந்த நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

பாட்டுக் காட்சிகள்தான் அவருக்குப் பெரிய பகிடி. நோர்வே மாதிரி ஏதோ ஒரு நாட்டுப் பனிமலையில் கதாநாயகி மெல்லிய சேலையோடு ஆடுவாள். “இவளைக் கொண்டுவந்து எங்கடை பஸ் தரிப்பிலை ஒரு பத்து நிமிசம் நிப்பாட்டோணும்” என்பார். கணவர் வேலைக்குப் போயிருக்கும் நாட்களில் நானும் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். இசை இல்லாமல் போனால் பாதிப் படங்கள் விழுந்துவிடும். ஆனால் மூலையில் தட்டோடு நிற்கும் வேலைக்காரி வேடத்துப் பெண், ஒரு வசனமும் இல்லாதவள், திடீரென்று பெரிய நடிகையாகத் தெரிவாள். என் சினிமாப் பைத்தியம் உண்மையில் அந்த நாட்களில்தான் பிடித்தது என்று இப்போது தோன்றுகிறது.

மச்சாளின் அந்தக் கண் படத்தோடு நின்றுவிடாது என்று நான் யோசிக்கவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை ஆசைப்பட்டு ஏமாந்திருந்ததால், மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனபோது நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும். மூன்று மாதம் தாண்டட்டும், அதற்குப் பிறகு சொல்வோம் என்று இருந்தேன். ஒன்பதாவது கிழமையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் வேலை செய்யும் சிறுவர் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் பிடித்தது. தனியாகவே வைத்தியசாலைக்குப் போனேன். பார்த்த டொக்டர் நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். மாலையானதும் வழக்கமான நேரத்துச் சுரங்க ரயிலில் ஏறினேன். கடையில் இறங்கி டிவிடியும் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. எடுக்காவிட்டால் ஏனென்று கேட்பார்கள் என்ற பயமாக இருக்கலாம்.

அது ஒரு நகைச்சுவைப் படம். கணவர் ஒரு பக்கம், மச்சாள் ஒரு பக்கம், நடுவில் நான். கணவர் சிரித்த இடமெல்லாம் நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் மச்சாள் திரையைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் பலமாகச் சிரித்தேன். அவர் கையை நீட்டி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார்.

“தம்பி, போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வா.”

கணவர் முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். மச்சாள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நீ எல்லா இடத்திலையும் சிரிக்கிறாய். படம் பாக்கிற ஆள் எல்லா இடத்திலையும் சிரிக்காது. என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை மச்சாள்.”

அவர் என் வாயைப் பார்க்கவில்லை. சோபாவில் குசன் ஒன்றை வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, என் காதுக்குக் கிட்ட வந்து, இரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார். அவர் இரகசியம் என்று நினைத்தது வீடு முழுக்கக் கேட்டது.

“பிள்ளையோ? போயிட்டுதோ?”

குசினியில் தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது. கணவர் வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு வெறும் கோப்பை. மச்சாளுக்கு அவர் வந்தது தெரியாது. என்னை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, “அழு பிள்ளை, நல்லா அழு, அவனுக்கு நான் சொல்லுறன்” என்று அந்தப் பெரிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணவர் வந்து தரையில், என் காலடியில் உட்கார்ந்தார். “தனியாவோ போனனீ?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் முழுதாக உடைந்து அழுதேன். நான் மறைத்ததை நினைத்து அவருக்குக் கோபம் வரும் என்று பயந்திருந்தேன். கோபம் வந்தது, ஆனால் என் மேல் அல்ல. தன் மனைவியின் முகத்தைத் தன்னால் வாசிக்க முடியாமல் போனதே என்று பல நாள் ஒரு மாதிரித் திரிந்தார்.

அதற்குப் பிறகும் எங்களுக்குப் பிள்ளை தங்கவில்லை. மச்சாளுக்குத்தான் வாழ்க்கை திரும்பியது. சைகைமொழி வகுப்பில், பெர்கன் நகரத்திலிருந்து வந்திருந்த, மனைவியை இழந்த தமிழர் ஒருவரைச் சந்தித்தார். அவருக்கும் காது கேட்காது. நாற்பத்தாறு வயதில் கல்யாணம் கட்டிக்கொண்டு பெர்கனுக்குப் போனார். “என்னத்தைப் பாத்துப் பிடிச்சது?” என்று நான் கேட்டதற்கு, “அவர் சிரிக்கேக்கை கண்ணும் சிரிக்குது” என்றார். இப்போது படம் பார்த்த அன்றே ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, படத்தைப் பற்றி என் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறார். பெரும்பாலும் ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடிவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம், நகரத்தில் மண்டபம் எடுத்துத் தமிழ்ப் படம் ஒன்று போட்டார்கள். நானும் கணவரும் போனோம். படம் பெரிய திறமென்று இல்லை. பின்னணி இசை ஒரு நிமிஷம் வாயை மூடவில்லை, வில்லன் கண்ணை உருட்டியே காலத்தைப் போக்கினான். ஆனால் நடுவில் சின்னக் காட்சி ஒன்று. பள்ளிக்கூட வாசலில் ஒரு சிறுமி தன் சப்பாத்து நாடாவைத் தானே கட்டப் பார்க்கிறாள், முடியவில்லை, நிமிர்ந்து ஒருவரையும் கூப்பிடாமல் திரும்பவும் கட்டுகிறாள். நடிப்பென்றே தெரியவில்லை. ஐந்து வயது இருக்கும். இருந்திருந்தால் எங்களுடையதற்கும் அந்த வயதுதான்.

கணவர் என் பக்கம் திரும்பினார்.

“என்ன?”

“ஒண்டுமில்லை.”

முன்பென்றால் அந்தப் பதிலோடு படத்துக்குத் திரும்பியிருப்பார். இப்போது திரும்பவில்லை. “சொல்லு” என்றார். முன்வரிசையில் யாரோ உஸ் என்றார்கள். நான் அவர் தோளில் சாய்ந்து, மெல்லிய குரலில், சொல்லத் தொடங்கினேன்.