மூவாயிரம் ரூபாயில் தண்ணீர்ப் பூங்கா: புத்தூரிலிருந்து ஒரு நாள், ஒரு நீலப் பட்டை

தசரா விடுமுறையில் ஒரே ஒரு ஞாயிறுதான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு அமைந்தது. அதுவும் எனக்கு அரைகுறை ஓய்வு. ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் செல்போன் உதிரிபாகங்கள் செய்யும் இடத்தில் எனக்கு வேலை. அந்த வாரம் இரவு ஷிப்ட். காலை ஆறுக்கு முடித்து, கம்பெனி பஸ்ஸில் ஏறி, புத்தூரில் ஏழரைக்கு இறங்கினேன். வீட்டுக்குள் போனால் தூங்கிவிடுவேன் என்று பயந்து வாசலிலேயே நின்று, "எல்லாம் ரெடியா?" என்று கேட்டேன். பல் துலக்கிக் குளித்ததுதான் நான் எடுத்துக்கொண்ட இளைப்பாறல்.

போவதற்குக் காரணம் என் மகள் தேஜு. ஐந்தாம் வகுப்பு, பதினொன்றாவது வயது நடக்கிறது. அவள் வகுப்புத் தோழி ஒருத்தி கோடையில் திருப்பதிப் பக்கம் இருக்கும் தண்ணீர்ப் பூங்காவுக்குப் போய்வந்து, அங்கே ஆறு மாடி உயரச் சறுக்கு ஒன்று இருப்பதாக வகுப்பு முழுக்க அளந்திருக்கிறாள். தேஜு எங்களிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. நைனா என்று அவள் கூப்பிடும் அப்பாவின் போனில் அந்தச் சறுக்கின் வீடியோவை மட்டும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் முனிரத்தினத்துக்கு மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் வேலை, சீசன் முடிந்தால் கிடைத்த வேலை. தசரா போனஸ் என்று எனக்கு ஏதோ வந்ததும், "மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சா போலாம்" என்றார். ஒரு வாரம் இரவுச் சாப்பாட்டில் இதே கணக்குதான். தேஜுவும் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் துன்னுகினு இருந்தாள்.

புத்தூரிலிருந்து திருப்பதி முப்பத்தைந்து கிலோமீட்டர். எட்டரை மணி பஸ், ஒன்றேகால் மணி நேரம், ஒருவருக்கு ஐம்பத்தைந்து ரூபாய். ஆந்திராவில் பெண்களுக்குப் பஸ் இலவசம்தானே என்று கேட்பீர்கள். இலவசம்தான், ஆதாரில் ஆந்திர முகவரி இருந்தால். நான் திருத்தணிப் பெண். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் ஆதார் இன்னும் தாய்வீட்டிலேயே இருக்கிறது. முகவரி மாற்றப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இப்போது ஒவ்வொரு பஸ்ஸிலும் தண்டம் கட்டுகிறேன். கண்டக்டர் என் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தமிழ்நாடு அட்ரஸ் கதம்மா. டிக்கெட் தீஸ்கோவாலி." டிக்கெட் எடுத்தாக வேண்டுமாம்.

தேஜுவின் ஆதார் புத்தூர் முகவரி. அவளுக்கு ரூபாய் இல்லாத டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். "அம்மா, நான் ஃப்ரீ!" என்று அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். தனக்குச் செலவாகவில்லை என்பதில் அவளுக்கு அத்தனை பெருமை. எனக்குத் தூக்கக் கலக்கம். சின்னவன் மோகித்துக்கு இரண்டரை வயது, என் மடியில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தான்.

திருப்பதி பஸ் நிலையத்தில் பிரம்மோற்சவக் கூட்டம். மொட்டைத் தலைகளும் சந்தனமுமாக மலையிலிருந்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம், ஏறப் போகிறவர்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே நாங்கள் நால்வரும் துண்டும் மாற்றுத் துணியுமாக நின்றோம். ஷேர் ஆட்டோக்காரர், "கொண்டக்கா?" என்று மலையைக் கைகாட்டிக் கேட்டார். தண்ணீர்ப் பூங்கா என்றதும், பெருமாளை விட்டுவிட்டுப் போகிறார்களே என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏற்றிக்கொண்டார். பன்னிரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு முப்பது ரூபாய்.

பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. அது தெரிந்ததால் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை வாசலுக்கு எதிரே வேப்பமர நிழலில் பத்தரை மணிக்கே தின்று முடித்தோம். பசியில்லாமல் தின்பதும் ஒரு வேலைதான். அங்கே இன்னும் நாலைந்து குடும்பங்கள் அதே காரியத்தைச் செய்துகொண்டிருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டிக்கெட் விவரம்: பெரியவர்களுக்கு 850. நாலரை அடிக்குக் கீழே இருந்தால் குழந்தை டிக்கெட், 550. மூன்றடிக்குக் கீழே இலவசம். வயதைக் கேட்பதில்லை, கவுன்டர் பக்கத்துச் சுவரில் கோடு போட்ட அளவுப் பட்டையில் நிற்க வைக்கிறார்கள். நான் பையில் பணத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் மோகித்தைத் துரத்திக்கொண்டிருந்தார். அதற்குள் தேஜு தானாகப் போய் அளவுப் பட்டையில் முதுகை ஒட்டி நின்றுவிட்டாள். கவுன்டரில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "சைல்டு" என்றாள். எங்கள் கைகளில் மஞ்சள் பட்டை கட்டினார்கள், தேஜு கையில் நீலப் பட்டை.

மகள் நாலரை அடியைத் தாண்டிவிட்டாள் என்று எங்களுக்குத் தெரியாதா? தெரியும். பள்ளியில் நாலு அடி ஏழு அங்குலம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூவாயிரம் கணக்கில் அவளுக்கு முழு டிக்கெட்தான் போட்டிருந்தோம். ஆனால் லாபம் வரும்போது அளவுகோலில் யாராவது குற்றம் கண்டுபிடிப்பார்களா? முந்நூறு ரூபாய் மிச்சம் என்று நானும் அவரும் கண்ணாலேயே சிரித்துக்கொண்டோம்.

உள்ளே பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள். வாடகைக்கு எடுத்தால் ஆளுக்கு நூறு ரூபாய். புத்தூர் பஜாரில் முன்கூட்டியே நைலான் சட்டையும் கால்சட்டையும் வாங்கியிருந்ததால் தப்பித்தோம். தேஜு மட்டும் தசராவுக்கு எடுத்த தரையைத் தொடும் பாவாடையில்தான் வருவேன் என்று காலையில் அடம்பிடித்து வந்திருந்தாள். அதை மாற்றி, லாக்கரில் வைத்தோம். லாக்கர் வாடகை ஐம்பது, முன்பணம் நூறு.

எனக்கு ஒதுக்கப்பட்ட இடம் குழந்தைகள் குளம். கணுக்கால் அளவுத் தண்ணீர், நடுவில் ஒரு பிளாஸ்டிக் காளான். அதன் கீழ் மோகித்தை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே தூங்கியும் போனேன். யாரோ ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "உங்க பையன் செருப்ப துன்றான் பாருங்க" என்றாள். நன்றி சொல்லிவிட்டு மறுபடி தூங்கினேன். இதற்கா 850 ரூபாய் என்று கேட்காதீர்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்தவளுக்குத் தண்ணீரில் கால் நீட்டி உட்காருவது நல்ல காரியம்தான்.

மிச்சமான முந்நூறில் மதியம் ராஜாக்கள்போல் பிரியாணி இரண்டு பிளேட்டும் ஐஸ்கிரீமும் வாங்கினோம். ஐஸ்கிரீம் வேண்டாம் என்று தேஜு சொன்னதையும் மீறி வாங்கினோம். சாப்பிட்டுவிட்டு அப்பாவும் மகளும் ஆறு மாடிச் சறுக்குக்குப் போனார்கள். வரிசை நீளம். முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். தலைமுடி காய்ந்திருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, சறுக்கவில்லை என்று.

"மேல வரிக்கும் ஏறிட்டோம். அங்க ஒருத்தன் ப்ளூ பேண்டு விடமாட்டேன்றான். மஞ்சப் பட்டை மட்டுந்தானாம்" என்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. "எம் பொண்ணு உயரத்த பாருய்யான்னு அங்க கீற அளவுல நிக்க வச்சேன். கோட்டுக்கு மேல நிக்கிறா. அப்ப ஏன் சின்னப் பட்டை வாங்கினீங்கன்னு என்னியே திருப்பிக் கேக்கிறான். இவங்க கவுன்டர்ல தப்பா அளந்துட்டு நம்பள திருடன்னு சொல்றாங்க. வா, போய் கேப்போம்."

"வேணாம் நைனா" என்றாள் தேஜு.

"நீ சும்மா இரு. அவங்க தப்பு."

"அவங்க தப்பு இல்ல நைனா. நான் முட்டிய மடிச்சிக்கினேன்."

எங்களுக்கு உடனே விளங்கவில்லை. அவள் செய்து காட்டினாள். குளத்தங்கரையில் முதுகை நேராக வைத்துக்கொண்டு, முழங்காலை மட்டும் கொஞ்சம் முன்னால் மடித்து நின்றாள். நீளப் பாவாடைக்குள் அது யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் அந்தப் பாவாடை. வீட்டுக் கண்ணாடி முன்னால் இரண்டு நாள் பழகியிருக்கிறாள்.

"முந்நூறு மிச்சமாவுமேன்னு. சறுக்குல மறுபடியும் அளப்பாங்க, அங்க நிமிந்து நின்னுக்கலாம்னு நெனச்சேன். பட்டைய பாப்பாங்கன்னு தெரியாதும்மா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கை ஓங்கக்கூடச் செய்தேன். அடுத்த நொடி அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் மோகித்தின் மூக்கைத் துடைத்தேன். வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. சாப்பாட்டுத் தட்டைப் போட்டுக்கொண்டு நாங்கள் ரூபாய் ரூபாயாகப் பிரித்துப் பேசியதையெல்லாம் இவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, தன் பங்குக்குத் தன்னையே குறைத்துக்கொண்டிருக்கிறாள். கோடையிலிருந்து ஆசைப்பட்ட சறுக்கைத்தான் அதற்கு விலையாகக் கொடுத்திருக்கிறாள்.

மணி மூன்றரை. ஐந்துக்குச் சறுக்கை மூடுவார்கள். கணக்குக்கு மேல் நான் முடிந்து வைத்திருந்ததையும் சேர்த்துக் கையில் 350 ரூபாய், அது ஊர் திரும்பும் பணம். நான் எழுந்தேன். "பஸ்ஸுக்கு இன்னா பண்ணுவே?" என்றார். "அத அப்பறம் பாத்துக்கலாம். முதல்ல கவுன்டருக்கு நடங்க" என்றேன்.

கவுன்டரில் அதே பெண். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மீதிப் பணம் கட்டினால் மஞ்சள் பட்டை கொடுக்கலாம், ஆனால் மறுபடி அளக்க வேண்டும் என்றாள். தேஜு போய் நின்றாள். இந்தத் தடவை குதிகாலை ஒட்டி, முகவாயை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் தோளைத் தாண்டிவிட்டிருந்தாள். எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

"பொத்துன இந்த ஹைட் லேது கதா, பாப்பா?" என்று கவுன்டர் பெண் சிரித்தாள். காலையில் இவ்வளவு உயரம் இல்லையே என்கிறாள்.

"வளர்ற வயசு மேடம்" என்றார் என் வீட்டுக்காரர். அந்த நிலைமையிலும் அவருக்கு வாய் குறையாது.

அப்பாவும் மகளும் மறுபடி வரிசையில் நின்று ஏறினார்கள். நான் கீழே, சறுக்கு வந்து விழும் தொட்டியின் ஓரத்தில் நின்றேன். குழாய்க்குள்ளிருந்து முதலில் கத்தல் வந்தது, பிறகு தேஜு வந்தாள். மூக்கெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல். மொத்தமே பதினைந்து வினாடி இருக்கும்.

"இன்னொரு வாட்டி போறியா?"

"வேணாம்மா, போதும். நைனாக்கு முதுகு நோவுது. நீயும் தூங்கவே இல்ல." இதைச் சொல்லும்போது அவள் கண் படிக்கட்டின் மேல்தான் இருந்தது.

மோகித்தை அவர் கையில் திணித்தேன். எனக்கு உயரம் என்றால் பயம், மொட்டை மாடியில் துணி காயப்போடவே சுவர் ஓரம் போகமாட்டேன். இரவெல்லாம் கண் மூடாத உடம்பை இழுத்துக்கொண்டு ஆறு மாடி ஏறினேன். மேலே போனதும் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நீ வேணா எறங்கிடு" என்றாள். "வாய மூடிக்கினு உக்காரு" என்றேன். அந்தக் குழாய்க்குள் நான் போட்ட சத்தத்தில் ஒரு வருட ஷிப்டும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது. வரிசை கரைந்துபோயிருந்ததால், விசில் ஊதி மூடும்வரை நாங்கள் இருவரும் நாலு தடவை போனோம். நாலாவது தடவை முடிந்ததும் அவளாகவே, "அய்யோ, அதுக்குள்ள மூடிட்டாங்களே!" என்று காலை உதறினாள். அந்தக் குறையைக் கேட்க எனக்கு இனித்தது.

திரும்பும்போது பூங்கா வாசலிலேயே ஆட்டோ ஏற வழியில்லை. லாக்கர் முன்பணத்தோடு சேர்த்து நூற்றைம்பது ரூபாய்தான். மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடந்தோம், அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்குப் பேரம் பேசி நாற்பது. பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நூற்றுப்பத்து. புத்தூரில் இறங்கியபோது ஒரு டீ குடிக்கக்கூடக் காசு இல்லை. நான் மறுநாள் மதியம்வரை தூங்கினேன்.

நீங்கள் போவதானால்: தசரா வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், பிரம்மோற்சவக் கூட்டத்தில் பஸ் கிடைப்பதே பெரும்பாடு. நைலான் துணியை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பெண்கள் ஆதார் முகவரியை மாற்றிவிட்டு வாருங்கள், என்னைப்போல் சோம்பேறித்தனம் வேண்டாம். பெரிய சறுக்குக்குச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விடுங்கள், வரிசை குறைவு. குறி வைத்த தொகைக்கு மேல் ஐந்நூறு ரூபாய் தனியாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கவுன்டரில் பிள்ளை பக்கத்தில் நில்லுங்கள். அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை தேஜு சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு காலை ஷூவிலிருந்து உருவி மறுபடி நுழைத்தாள். பிறகு, "அம்மா, ஷூ கடிக்குது" என்றாள்.

"எத்தினி நாளா?"

"ஸ்கூல் தொறந்ததுல இருந்து."

ஜூனில் திறந்தது. அன்று சாயங்காலமே பஜாருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பழையதைவிட இரண்டு அளவு பெரியதுதான் அவள் காலில் நுழைந்தது.