செத்தால் வரும், படுத்துவிட்டால்?

எதை வாங்கினாலும் விலை குறைந்ததை முதலில் காட்டச் சொல்லிப் பார்க்கிறவன் நான். மிக்ஸியும் அப்படித்தான் வாங்கினேன், மகளின் சைக்கிளும் அப்படித்தான். ஆயுள் காப்பீட்டுக்கும் அதையே செய்தேன். அம்பத்தூர் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடி, அதே தொகைக்கு எல்லோரையும்விடக் குறைவாகக் கேட்ட கம்பெனியைப் பிடித்துவிட்டேன். பணம் கட்டுவது ஒன்றுதான் பாக்கி. அன்று முழுக்கத் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

வெள்ளானூர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லப் போனேன். "எனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா..." என்று ஆரம்பித்ததுமே கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

"உங்க வாயில நல்ல பேச்சே வராதா? ஆண்டவர்மேல விசுவாசம் இல்லாதவங்க பேசுற பேச்சு."

சாவைப் பற்றிப் பேசுவது அவளுக்குச் சாவை வீட்டுக்கு அழைப்பது மாதிரி. சரி, நாமே முடித்துவிடலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். கரையான்சாவடி பக்கம் பைக் சறுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் சோபாவை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டிருந்தது. கொண்டுபோன ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். "இன்சூரன்ஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கீது சார்," என்றார் அவர் மனைவி. "ஆனா செத்தாத்தான் துட்டு தருவாங்களாம். இப்டி படுத்துகினு கீறதுக்கு ஒண்ணும் இல்லியாம். ஊட்ல சம்பாரிச்சது இவரு ஒருத்தர்தான்."

கட்டிலிலிருந்து அவர் சிரித்தார். "நான் பொழச்சது தப்பா பூடுச்சு சார்."

"சும்மா கெடய்யா," என்று அந்த அம்மா அதட்டிவிட்டுப் போர்வையைச் சரிசெய்தார். அதட்டலில் பாசம் இருந்தது. ஆனால் கணவர் சொன்னதை இல்லை என்று மறுக்கவில்லை.

மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். நானும் தினமும் பைக்கில் போகிறவன்தான். பயந்தது சாவுக்கு அல்ல. நான் அப்படிக் கிடந்து, என் மனைவி தலைமாட்டில் நின்று, மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்? அவளாகப் போட மாட்டாள். மளிகையும் ஸ்கூல் ஃபீஸும் போட வைத்துவிடும்.

போனை எடுத்து அந்த பாலிசியை முதல் தடவையாக ஒழுங்காகப் படித்தேன். செத்தால் மட்டும்தான். விபத்தில் ஊனமானாலோ பெரிய நோய் வந்தாலோ பணம் வர வேண்டுமென்றால் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்க விலை ஏறியது. விலையைப் பார்த்தே நான் ஒதுக்கிய இன்னொரு கம்பெனியில் அதெல்லாம் உண்டு, வேலை செய்ய முடியாமல் போனால் மீதித் தவணையையும் கட்ட வேண்டாமாம். ஆனால் மாதாமாதம் கை கடிக்கும். மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். ஒருத்தியிடம்தான் கேட்க வேண்டும், அவளிடம்தான் கேட்க முடியாது.

எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில் இதற்கு ஒரு வழி உண்டு. முகம் பார்த்துச் சொல்ல முடியாததைக் குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிடுவது. கேட்க வேண்டிய ஆள் பக்கத்திலேயே முழங்காலில் இருப்பார், குறுக்கே பேச முடியாது. என் முன்கோபத்தைப் பற்றி அவள் பலமுறை இப்படிப் புகார் கொடுத்திருக்கிறாள்.

அன்று சாப்பாட்டுக்கு முன் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். "ஆண்டவரே, கீழ்வீட்டு அண்ணனைத் தொட்டுச் சுகமாக்கும். எனக்கும் அப்படி ஆயிட்டா இவங்களுக்குப் பாரமாயிருவேனோன்னு பயமா இருக்கு. நான் போடப் பாத்த பாலிசியில செத்தா பணம் வரும், படுத்துட்டா வராது. அதுக்கும் சேத்துப் போடணும்னா ரொம்பக் கூட ஆகும். எனக்கு..." மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்து மனைவியின் முறை. எனக்கு விசுவாசம் இல்லை என்று ஆண்டவரிடமே போட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தகப்பனே," என்றாள். "இவர் படுத்துட்டாலும் எனக்கு இவர் வேணும். நான் குளிப்பாட்டி விட்டுக்கிடுவேன், அதுக்குத் தெம்பை மட்டும் தாரும். விலையைப் பாத்து மலைக்காம நாளைக்கே அந்தக் கூடுதல் பணத்தைக் கட்டிட்டு வரச் சொல்லும்."

மகள் முந்திக்கொண்டு ஆமென் சொன்னாள்.