விழா மலரின் அட்டைப்படம்

ஒஸ்லோவில் நான் துப்புரவு வேலை செய்த ஓவியக்கூடத்தில் ஒருமுறை பழைய ஸ்பானிய அச்சுப்படங்களை மாட்டியிருந்தார்கள். ஒன்றில், சொரூபம் வைக்கும் கூட்டுக்குள் புனிதருக்குப் பதிலாகக் கொழுத்த பிரபு ஒருவன் உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமான சனங்கள் அவனைத் தோளில் சுமந்தார்கள். வாளியை வைத்துவிட்டுப் பார்த்தேன். அச்சொட்டாக எங்கள் துப்புரவுக் கம்பனி முதலாளி.

விசா இல்லாமல் போய்விடும் என்று பயம் காட்டியே புதிதாக வந்தவர்களிடம் வேலை வாங்குகிறவர். ஒஸ்லோவின் புறநகரான புருசெத்தில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். திருநாள் மலருக்கு அட்டைப்படம் கேட்டபோது, உறைக்கட்டும் என்றே அந்தப் படத்தின் பிரதியைக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "எங்கடை ஊரிலை சொரூபம் தூக்கிக்கொண்டு போற சுற்றுப்பிரகாரம் மாதிரியே கிடக்கு. சனத்தின்ரை பக்தியைப் பாரும்! இதையே போடுவம்."

திருநாளன்று மலரை எல்லோரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அது கேலிப்படம் என்று ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

சொரூபம் தூக்கும் நேரம் அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "தம்பி, உமக்கு நல்ல தோள். முன்னுக்கு வாரும்."

"ஓம் அண்ணை" என்று போய்த் தோளைக் கொடுத்தேன்.